வரதட்சணை மரண வழக்கு: முதல் நாள் முதல் தீர்ப்பு நாள் வரை, இறந்த பெண்ணின் குடும்பத்தினருக்கு

திருமணமாகி ஏழு ஆண்டுகள் நிறைவதற்குள் புகுந்த வீட்டில் மகளையோ உடன்பிறந்தவளையோ இழந்த குடும்பத்தினருக்கும், அவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் பிணவறைக்கும் செல்லும் உறவினருக்கும், இத்தகைய வழக்கை முதன்முறையாகக் கையில் எடுக்கும் இளம் வழக்கறிஞருக்கும் இது எழுதப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் குடும்பத்தினர் பக்கம் நின்று நான் பார்த்தவற்றில், விடுதலையில் முடிந்த வழக்குகளில் பெரும்பாலானவை முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே, அழுது களைத்த ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்ட தாளில் தோற்றுவிட்டிருந்தன. நீதிமன்றம் அதைச் சில ஆண்டுகள் கழித்து அறிவித்தது, அவ்வளவுதான். ஆகவே இங்கே அந்த முதல் நாட்களுக்கு அதிக இடம் தரப்பட்டுள்ளது.

1. தொடங்கும் முன்: சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள்

2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்போ நிகழ்ந்த மரணத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80-ஆம் பிரிவு பொருந்தும். அதற்கு முந்தைய மரணமாயின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-பி பிரிவே இன்றும் பொருந்தும். இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றே: குறைந்தது ஏழு ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் சிறை.

அந்தப் பிரிவு நான்கு கேள்விகளைக் கேட்கிறது. திருமணமான ஏழு ஆண்டுக்குள் மரணம் நிகழ்ந்ததா? தீக்காயத்தாலோ உடற்காயத்தாலோ, இயல்பான சூழலுக்கு மாறாகவோ நிகழ்ந்ததா? கணவரோ கணவரின் உறவினரோ வரதட்சணை கேட்டு அவளைக் கொடுமைப்படுத்தினார்களா? அந்தக் கொடுமை மரணத்துக்குச் சற்று முன்பு நடந்ததா? இந்த நான்கும் காட்டப்பட்டுவிட்டால், மரணத்துக்குக் காரணம் அவர்களே என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும் என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 118-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 113-பி பிரிவாக இருந்தது. அதன் பிறகு மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு எதிரிகளுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுடையது.

முதல் மூன்று கேள்விகளில் வழக்குகள் அதிகம் தடுமாறுவதில்லை. நான்காவதில்தான் விழுகின்றன. ‘சற்று முன்பு’ என்பது ‘உடனடியாக முன்பு’ என்று பொருள்படாது என்றும், கொடுமைக்கும் மரணத்துக்கும் இடையே அறுபடாத, உயிருள்ள தொடர்பு இருந்தால் போதும் என்றும் சத்பீர் சிங் எதிர் ஹரியானா மாநிலம் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. இனி வரும் ஒவ்வொரு படியும் அந்தத் தொடர்பைக் காட்டும் கண்ணிகளைக் காப்பதற்கானது என்று எண்ணிக்கொண்டு படியுங்கள்.

புதியவர்களை முதல் நாளே பின்வாங்க வைக்கும் மூன்று தவறான எண்ணங்கள் உண்டு. ‘அவளே தூக்குப் போட்டுக்கொண்டாள், இதில் என்ன வழக்கு?’ என்பது முதலாவது. 80-ஆம் பிரிவு கொலைக்கு மட்டும் உரியது அன்று. தற்கொலையும் இயல்புக்கு மாறான மரணமே என்பதை மேற்சொன்ன தீர்ப்பே தெளிவுபடுத்துகிறது. ‘திருமணத்தைப் பதிவு செய்யவில்லையே’ என்பது இரண்டாவது. திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் தாலி கட்டிய ரசீதும், பத்திரிகையும், படங்களும், நேரில் பார்த்தவர்களும் திருமணத்தையும் அதன் நாளையும் நிலைநாட்டப் போதும். பதிவுச் சான்று இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் வழக்கு இல்லையென்று ஆகாது. ‘ஏழு ஆண்டு தாண்டிவிட்டது’ என்பது மூன்றாவது. அப்போது 80-ஆம் பிரிவும் அதன் அனுமானமும் கிடைக்கமாட்டா; ஆனால் தற்கொலைக்குத் தூண்டியதற்கான 108-ஆம் பிரிவும், கொடுமைக்கான 85-ஆம் பிரிவும், கொலையாயின் 103-ஆம் பிரிவும் அப்படியே இருக்கின்றன.

எதெல்லாம் வரதட்சணை என்பதிலும் குழப்பம் உண்டு. திருமணத்தின்போது கேட்டது மட்டுமன்றி, திருமணத்தை முன்னிட்டு அதன் பிறகு எப்போது கேட்டதும் வரதட்சணையே என்று 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வரையறுக்கிறது. வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணைதான் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குழந்தைப்பேறு போன்றவற்றுக்கு வழக்கமாகச் செய்யும் சீர் அதில் சேராது என்ற பழைய தீர்ப்பும் உள்ளது. ஆகவே ‘வளைகாப்புக்குக் குறைவாகச் செய்தோம் என்று திட்டினார்கள்’ என்பதோடு நிறுத்தினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். கூடவே கேட்கப்பட்ட பணம், நகை, வண்டி, மனை ஆகியவற்றைத் தனித்தனியே சொல்ல வேண்டும்.

2. உயிர் இருக்கும்போது: மரண வாக்குமூலம்

தீக்காயத்தோடோ விஷம் குடித்த நிலையிலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண் பேசும் நிலையில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக இந்தப் படியைச் செய்ய வேண்டும்; ஏனெனில் இதை மட்டும் பிறகு செய்ய முடியாது.

முதலில், விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேளுங்கள். பெண்ணைத் தூக்கி வந்தவர்கள் பெரும்பாலும் கணவர் வீட்டாராக இருப்பார்கள். ‘சமைக்கும்போது அடுப்பு வெடித்தது’ என்று அவர்கள் சொன்னது அங்கே ஏறியிருக்கும். அதை அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். பணியிலுள்ள மருத்துவரிடம், பெண்ணையே நேரில் கேட்டுப் பதியுமாறும், வாக்குமூலம் பதிய நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) தகவல் அனுப்புமாறும் எழுத்தில் கேளுங்கள்.

நடுவர் வரும் வரை அறையில் கணவர் வீட்டார் யாரும் இருக்கக் கூடாது. நீங்களும் அருகில் அமர்ந்து ‘இதைச் சொல்லு, அதைச் சொல்லு’ என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. ‘சொல்லிக் கொடுக்கப்பட்ட வாக்குமூலம்’ என்ற ஐயம் எழுந்தால், அவள் சொன்ன உண்மையும் சேர்ந்தே போய்விடும். பேச முடியாத பெண் தலையசைத்தோ சைகையாலோ சொல்வதும் செல்லும். சுயநினைவோடு இருந்தாள் என்ற மருத்துவர் சான்று இருந்தால் நல்லது. அது இல்லாததால் மட்டுமே வாக்குமூலம் தள்ளப்படாது என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியுள்ளது.

கடலூர்ப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மஞ்சக்குப்பத்திலுள்ள அரசு தலைமை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், நிலைமை மோசமானால் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குக் கொண்டு செல்லப்படுவார். ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் மாநில எல்லை மாறிவிடுகிறது. ஜிப்மரில் வாக்குமூலம் பதிந்தவர் புதுச்சேரி நடுவராகவும், வழக்கைப் புலனாய்பவர் நெல்லிக்குப்பத்துக் காவல் ஆய்வாளராகவும் இருக்கக்கூடும். ஆகவே பதிந்த நடுவர் யார், எந்த நாள், எத்தனை மணி, பணியிலிருந்த மருத்துவர் யார் என்பதை ஒரு தாளில் குறித்துவைத்து, புலனாய்வு அதிகாரியிடம் மனுவாகக் கொடுங்கள். கடலூரில் ஒன்று, ஜிப்மரில் ஒன்று என இரண்டு வாக்குமூலங்கள் இருந்தால் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒன்று விடுபட்டால் ‘மறைத்தார்கள்’ என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும்.

3. புகார் மனு: உடலைப் பெறும் முன்பே

மரணம் நிகழ்ந்ததும் புகார் எழுதப்பட வேண்டும். உடலை வாங்கி அடக்கம் செய்துவிட்டு, காரியம் முடிந்த பிறகு எழுதுவோம் என்பது மிகப் பெரும் தவறு. தாமதத்தை விளக்கிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதினாறு நாட்களில் உறவினர்கள் கூடிப் பேசிக் கதை கட்டினார்கள் என்ற குறுக்கு விசாரணைக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

எங்கே கொடுப்பது? கணவர் வீடு இருக்கும் காவல் நிலையத்தில் கொடுப்பதே வசதி. ஆனால் எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பாராமல் தகவலைப் பெற்றே ஆக வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு அவர்கள் உரிய நிலையத்துக்கு மாற்றுவார்கள்.

கையில் என்ன வாங்கி வருகிறீர்கள் என்பதைப் பாருங்கள். மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வழக்கு அன்று. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் குற்ற எண்ணும் பிரிவுகளும் இருக்கும். முதலில் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்கீழ் சந்தேக மரணம் என்று மட்டும் பதிவாகலாம். ‘ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அறிக்கை வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்றும் சொல்லப்படும். உங்கள் மனுவில் வரதட்சணைக் கொடுமை தெளிவாக இருந்தால், வழக்குப் பதிய அந்த அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் அதே சன்ஹிதாவின் 175-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரை அணுகலாம். இந்த வரிசையைத் தாண்டி நேராக நீதிமன்றம் சென்றால் மனு திரும்பும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்பது சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்கான தேசிய இலவச உதவி எண்.

இனி மனுவின் சொற்கள். கீழே உள்ளதைப் போன்ற வரியைத்தான் பத்தில் எட்டுப் பேர் எழுதி வருகிறார்கள்:

“திருமணமான நாள் முதல் என் மகளை மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தி வந்தனர்.”

இதில் நாள் இல்லை, ஆள் இல்லை, தொகை இல்லை. அதே தகப்பனார் அமைதியாக உட்கார்ந்து சொன்னதைக் கேட்டு எழுதினால் அது இப்படி அமையும்:

“ஆடிப்பெருக்குக்கு வந்திருந்த மகளைத் திரும்ப அனுப்பும்போது, வண்டி வாங்க 1 லட்சம் ரூபாய் இல்லாமல் வாசற்படி ஏறக் கூடாது என்று அவளுடைய மாமியார் கைபேசியில் சொன்னதை நானும் என் தம்பியும் கேட்டோம். ஆகஸ்ட் 9 அன்று என் மனைவியின் வளையல்களைப் பண்ருட்டியில் அடகு வைத்து, 60,000 ரூபாயை மருமகன் கையில் கொடுத்தேன். மீதி 40,000 ரூபாய்க்காகக் கணவர் அடித்ததாக ஆகஸ்ட் 27 இரவு மகள் தொலைபேசியில் அழுதாள். ஆகஸ்ட் 30 காலை இறந்த செய்தி வந்தது.”

இரண்டாவதில் ஒவ்வொரு வரியையும் தனிச் சான்றால் தாங்கிப் பிடிக்கலாம். நாள் துல்லியமாக நினைவில் இல்லையென்றால் ஊகித்து எழுதாமல், ‘பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம்’ என்பதுபோல் நினைவில் உள்ளவாறே எழுதுங்கள்.

4. யார் பெயரை எழுதுவது

கோபத்தில் எல்லார் பெயரையும் எழுதுவது இயல்பு. வெளியூரில் கட்டிக்கொடுக்கப்பட்ட நாத்தனார், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தன், படுக்கையில் கிடக்கும் தாத்தா வரை பட்டியல் நீளும். இது வழக்கைப் பலப்படுத்துவதாகத் தோன்றும். உண்மையில் அரித்துத் தின்னும். குறிப்பான செயல் எதுவும் சொல்லப்படாத உறவினர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய மனு போடுவார்கள்; பெரும்பாலும் வெல்வார்கள். அந்த உத்தரவில் ‘பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டு’ என்று எழுதப்படும் வாசகம், மிச்சமிருக்கும் கணவர் மீதும் மாமியார் மீதுமான விசாரணையில் உங்களுக்கு எதிராகப் படிக்கப்படும். கணவரின் உறவினர் அனைவரையும் இழுத்துவிடும் போக்கைக் கன்ஸ் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே எச்சரித்துள்ளது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இவர் என்ன சொன்னார் அல்லது செய்தார், எப்போது, அதை நான் எப்படி அறிவேன்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பெயரை விட்டுவிடுங்கள். புலனாய்வில் பிறகு தெரியவந்தால் சேர்த்துக்கொள்ளலாம். திருமணத் தரகர், அண்டை வீட்டார் போன்றோர் கணவரின் உறவினர் ஆகமாட்டார்கள் என்பதால் 80-ஆம் பிரிவின்கீழ் வரமாட்டார்கள்.

‘கொடுத்ததும் குற்றமாமே, நாங்களே மாட்டிக்கொள்வோமா?’ என்ற அச்சத்தில் பணம் கொடுத்ததை மறைக்கும் பெற்றோர் உண்டு. வரதட்சணை கொடுப்பதும் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் குற்றம்தான். ஆனால் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் அளிக்கும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர் மீதே அந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது என்று 7-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு காக்கிறது. இந்தப் பாதுகாப்பைக் குறிப்பிட்டே மனுவை எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கையை நிரூபிக்க வேறு வழியே இராது.

5. கோட்டாட்சியர் விசாரணை

ஏழு ஆண்டுக்குள் நிகழும் மணமான பெண்ணின் மரணத்தில் நிர்வாகத்துறை நடுவர் விசாரணை நடத்துவார். கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று வருவாய்க் கோட்டங்களில் சம்பவ இடம் எதில் வருகிறதோ அந்தக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் இதை நடத்துவார். எல்லாருக்கும் இது ‘ஆர்.டி.ஓ. விசாரணை’தான்.

நடப்பது எப்படி என்றால்: காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பிணவறை வாசலில் வேப்பமர நிழலில் இரு வீட்டாரும் இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். வெளிச்சம் போவதற்குள் பிணக்கூறாய்வு முடிய வேண்டுமே என்று பெரியவர் ஒருவர் அவசரப்படுத்துவார். வருவாய்த் துறை ஊழியர் கேட்பார்: “மரணத்தில் சந்தேகம் ஏதும் இருக்கிறதா?” தகப்பனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “என் புள்ளையே போயிடுச்சு, இனி யாரச் சொல்லி என்ன சார்” என்பார். தாளில் ‘யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்று ஏறும். தம்பி கையெழுத்திடுவார். எழுதியவர் மீது பழி சொல்ல நான் விரும்பவில்லை. கேட்ட பதிலைத்தான் அவர் எழுதினார்.

கோட்டாட்சியரிடம் கொடுத்த வாக்குமூலம் தனியாக ஒரு குற்றத்தை நிரூபிக்காது. ஆனால் நீதிமன்றத்தில் நீங்கள் சொல்வதோடு முரண்பட்டால் அதைக் காட்டி உங்களைத் தகர்க்கலாம். ‘அன்று சொல்லாததை இன்று சொல்கிறீர்களே’ என்ற ஒரு கேள்விக்கு அந்தத் தம்பி கூண்டில் பதில் இல்லாமல் நின்றார்.

ஆகவே செய்ய வேண்டியவை. புகார் மனுவின் நகலையும், திருமணப் பத்திரிகையையும், பணம் கொடுத்த விவரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நினைவை நம்பாதீர்கள். பெற்றோர் பேசும் நிலையில் இல்லையென்றால், பெண் யாரிடம் அதிகம் பேசினாளோ அந்தச் சகோதரியையோ தோழியையோ முதலில் பேசச் சொல்லுங்கள். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, விடுபட்டதைச் சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நேரமில்லை என்றால், ‘மன நிலை காரணமாக முழுமையாகச் சொல்ல இயலவில்லை, மேலும் சொல்ல வேண்டியுள்ளது’ என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரி பல வழக்குகளைக் காப்பாற்றியிருக்கும். ஓரிரு நாட்களில் மீதியை மனுவாக எழுதி அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெறுங்கள்.

‘வரதட்சணைக் கொடுமை இல்லை’ என்று கோட்டாட்சியர் அறிக்கை கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

6. பிணக்கூறாய்வும் அடக்கமும்

பிணக்கூறாய்வுக்கு முன்பே, உங்களுக்குத் தெரிந்த பழைய காயங்களைப் பட்டியலிட்டு மனு கொடுங்கள்: ‘இரு வாரங்களுக்கு முன் இடது முழங்கையில் அடி’ என்பதுபோல. மருத்துவர் தூக்குத் தடத்தையும் இறுதிக் காயத்தையும் கட்டாயம் பார்ப்பார். ஆறிக்கொண்டிருக்கும் கன்றல் ஒன்றின் வயது என்ன என்பதை, கேட்டால்தான் பெரும்பாலும் எழுதுவார். அந்தக் கன்றலே நான்காவது கேள்விக்கான, பொய் சொல்லாத சாட்சி. விஷ ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வை விடியோ பதிவு செய்யவும் இதே மனுவில் கேட்கலாம்.

எங்கள் பக்கம் எரிப்பதே வழக்கமான குடும்பங்கள் அதிகம். ஐயம் தீராத நிலையில் புதையுங்கள். தேவைப்பட்டால் நடுவர் உத்தரவின்பேரில் தோண்டியெடுத்து மறு ஆய்வு செய்யச் சட்டத்தில் வழி உண்டு. சாம்பலுக்கு அந்த வழி இல்லை. குலத்து வழக்கம் என்று பெரியவர்கள் சடைத்துக்கொள்வார்கள். இந்தக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். உடலைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கோட்டாட்சியருக்கும் காவல் ஆய்வாளருக்கும் எழுத்தில் கேளுங்கள்.

7. சான்றுகளைத் திரட்டுதல்: முதல் முப்பது நாட்கள்

பெண்ணின் கைபேசி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. அது கணவர் வீட்டில் இருந்தால், கைப்பற்றும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். உங்கள் கையில் கிடைத்தால் திறந்து நோண்டாதீர்கள்; செய்திகளை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்; அணைத்து, மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதாகக் காவல் துறை எழுதும் பதிவில்) எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். உங்கள் சொந்தக் கைபேசியில் அவள் அனுப்பிய குரல் பதிவுகளும் வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தால், அந்தக் கருவியை மாற்றவோ விற்கவோ கூடாது. கைபேசித் திரையின் நகலை (ஸ்கிரீன்ஷாட்) அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று எண்ணுவது தவறு. சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் மின்னணு நகல் சான்றாக ஏற்கப்படாது. தெருவிலுள்ள கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் அழிந்து மேலெழுதப்பட்டுவிடும் என்பதால் அதற்கான மனு முதல் வாரத்திலேயே போக வேண்டும்.

அடுத்தது பணத்தின் தடம். கேட்டார்கள் என்பதற்குச் சாட்சி வாய்வார்த்தையாக இருக்கும்; கொடுத்தோம் என்பதற்குத் தாள் இருக்கும். அடகுச் சீட்டு, மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் புத்தகம், வங்கிக் கணக்கு அறிக்கை, கூகுள் பே வரலாறு, நிலம் விற்றிருந்தால் வில்லங்கச் சான்று, நகைக்கடை ரசீது ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்குங்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லைக்காரத் தாய் ஒருவர், மருமகனுக்குக் கொடுத்ததையெல்லாம் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறம் எழுதி, அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ‘மாப்ள வண்டி டியூ 5500’ என்று ஒன்று. அந்தத் தாளை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதே நாளுக்கான கூட்டுறவு வங்கி நகைக்கடன் சீட்டு பக்கத்தில் இருந்தது. தாள் தனியாக இருந்திருந்தால் நின்றிருக்காது. இரண்டும் சேர்ந்து நின்றன.

மூன்றாவது, உறவினர் அல்லாத சாட்சிகள். அவள் வேலை செய்த இடத்துத் தோழி, பக்கத்து வீட்டு வாடகைக்காரர், முன்பு காயத்துக்கு மருந்து போட்ட மருத்துவமனையின் சீட்டு, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முன்னரே கொடுத்த மனு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையின் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். முன்பு ஒருமுறை சமரசம் பேசி ‘இனி ஒழுங்காக வைத்துக்கொள்கிறோம்’ என்று எழுதி வாங்கிய தாளைப் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் கணவர் வீட்டாரின் கையெழுத்து இருக்கிறது. அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அக்கம்பக்கத்தார் பின்னாளில் மாறக்கூடும் என்று தோன்றினால், சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் முன் அவர்களுடைய வாக்குமூலத்தைப் பதியப் புலனாய்வு அதிகாரியிடம் வேண்டுங்கள். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும்.

8. ஜாமீன்

கைதானவர்கள் முதலில் அமர்வு நீதிமன்றத்திலும் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஜாமீன் கேட்பார்கள். பாதிக்கப்பட்டவர் தரப்பு ஒவ்வொரு கட்டத்திலும் தன் வாதத்தைக் கேட்கச் செய்யும் உரிமை உடையது என்று ஜக்ஜீத் சிங் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. உங்கள் வழக்கறிஞர் மூலம் இடையீட்டு மனு போடுங்கள். அதில் ‘கொடியவர்கள்’ என்று எழுதுவதால் பயனில்லை. சாட்சிகளை யார், எப்போது, எப்படி மிரட்டினார்கள் என்பதே எடுபடும். 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் எதிரிகள் உரிமையாகவே ஜாமீனில் வந்துவிடுவார்கள். எண்பதாவது நாளில் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு நினைவூட்டல் மனு போவது நல்லது.

9. குற்றப்பத்திரிகையும் குற்றச்சாட்டு வனைதலும்

குற்றப்பத்திரிகை நகலைப் பெற்று இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சாட்சிப் பட்டியலில் நீங்கள் சொன்ன முக்கியமானவர்கள் இருக்கிறார்களா. மற்றொன்று, பிரிவுகள். 80-ஆம் பிரிவு மட்டும் இருந்தால் அதில் ஆபத்து உண்டு. ‘சற்று முன்பு’ என்பது நிரூபிக்கப்படாமல் போனால் மொத்த வழக்கும் விழும். 85-ஆம் பிரிவும், வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும், தற்கொலையாயின் 108-ஆம் பிரிவும் தனிக் குற்றச்சாட்டுகளாக இருந்தால், ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும். கொலைக்கான சான்று உண்மையிலேயே இருந்தால் மட்டும் 103-ஆம் பிரிவைக் கேளுங்கள். சான்று இல்லாமல் வெறும் ஆவேசத்தில் சேர்த்தால், கொலை நிரூபிக்கப்படவில்லை என்ற பேச்சிலேயே விசாரணை கழிந்துவிடும்.

10. சாட்சிக் கூண்டு

கடலூரில் இவ்வழக்குகள் பெரும்பாலும் மகிளா நீதிமன்றத்தில் நடக்கின்றன. அரசு வழக்கறிஞரே வழக்கை நடத்துவார்; நீதிமன்ற அனுமதியுடன் உங்கள் வழக்கறிஞர் அவருக்கு உதவலாம். சம்மன் வந்ததும் அரசு வழக்கறிஞரைச் சந்தித்து, உங்கள் பழைய வாக்குமூலங்களைப் படித்துக் காட்டக் கேளுங்கள். ஆண்டுகள் கடந்திருக்கும், நினைவு மங்குவது குற்றமன்று. மங்கியதை ஊகித்து நிரப்புவதுதான் தவறு. ‘நினைவில்லை’ என்ற பதிலால் எந்த வழக்கும் தோற்றதாக எனக்குத் தெரியவில்லை. புதிதாகச் சேர்த்த ஒரு வாக்கியத்தால் தோற்றவை உண்டு.

சமரசப் பேச்சு வரும். ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலையில் காபி குடித்தபடி தொகை பேசுவார். 80-ஆம் பிரிவு சமரசம் செய்துகொள்ளக் கூடியது அன்று என்பதால், பணத்தைப் பெற்றுக்கொண்டாலும் நீங்கள் கூண்டேறியே ஆக வேண்டும். அங்கே பிறழ்ந்தால் பொய்ச் சாட்சி சொன்ன சிக்கல் உங்களைத்தான் சுற்றும்.

11. நகையும் குழந்தையும்

ஏழு ஆண்டுக்குள் இயற்கைக்கு மாறாக இறந்த பெண்ணின் வரதட்சணைப் பொருள்கள் அவளுடைய குழந்தைகளுக்கும், குழந்தை இல்லையென்றால் பெற்றோருக்கும் சேர வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. நகைப் பட்டியலைப் புகாரோடேயே சேர்த்துக் கொடுத்தால் காவல் துறை கைப்பற்றும். தனியாகக் கேட்டால் உரிமையியல் வழக்காக இழுபடும். குழந்தையை உங்கள் பொறுப்பில் வைத்து வளர்க்கக் குடும்பநல நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். குற்றவியல் நீதிமன்றம் அதைத் தீர்த்துத் தரும் என்று காத்திருந்து, குழந்தை இரண்டு ஆண்டு அந்த வீட்டிலேயே வளர்ந்துவிட்ட பிறகு கேட்டால், குழந்தை பழகிய இடம் எது என்பதே உங்களுக்கு எதிரான வாதமாகும்.

12. தீர்ப்பு நாள்

தண்டனையோ விடுதலையோ, தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை கிடைத்தாலோ, சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தனி அனுமதி பெறத் தேவையில்லை என்று 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு மேல்முறையீடு செய்யும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. மேல்முறையீட்டு மனுவோடு, கோட்டாட்சியரிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகலையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். உயர் நீதிமன்றத்திலும் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.